மார்ச் மாதத்தில் ஹீட்டர்

குர்ரபினில் ஒரு வண்டியின் பானெட்டைத் திறந்து வைத்தால் போதும், வெற்றிலை பாக்கு வைத்து யாரையும் அழைக்க வேண்டியதில்லை. ஐந்தே நிமிடத்தில் தெருவில் இருக்கும் ஆண்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள். அவரவர் பீர் அவரவர் கையில். வண்டியைச் சுற்றி அரைவட்டமாக நின்று கையைக் கட்டிக்கொள்வார்கள். கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். பிறகு ஒருவன் “ஹூம்” என்பான். அடுத்தவன் யோசித்துப் பார்த்து அவனும் “ஹூம்” என்பான். அதற்கு மேல்தான் வைத்தியம். வண்டிக்காரன் “கை வச்சுப் பாரு” என்று வாய்விட்டுச் சொல்கிறவரை எவனும் எதையும் தொடக் கூடாது, அது சட்டம். ஆனால் “போங்கடா, போய் வேலையைப் பாருங்க” என்று சொல்ல வண்டிக்காரனுக்கு உரிமை கிடையாது, அதுவும் சட்டம்.

அந்தக் கோடை முழுக்கக் கிளாரி டக்வெல் வீட்டு வாசலில் பானெட் திறந்தேதான் இருந்தது.

கிளாரி தபால் ஆபீசில் முப்பது வருஷம் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவன். தங்கமான மனுஷன். கை பஞ்சு மாதிரி இருக்கும். அவன் மனைவி வெர்னாவுக்கு அறுபத்திமூன்று வயது. இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். பண்ணைப் பக்கம் மண் ரோட்டில் பஸ் நின்றுவிட்டால் அங்கே உதவிக்கு வருவது ஆடும் ஈயும்தான் என்பதால், எஞ்சினின் அந்தரங்கமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இது கிளாரிக்குத் தெரியும். பஸ்ஸில் போன பிள்ளைகளுக்குத் தெரியும். அரைவட்டமாக நின்றவர்களுக்கு மட்டும் தெரியாது. அவர்கள் கணக்கில் வெர்னா என்றால் டீ.

வெர்னா இந்த உலகத்தில் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. நல்லாங் ஊரில் மார்ச் மாதம் நடக்கும் விவசாய ஷோவில், ஐசிங் போட்ட ஸ்பாஞ்ச் கேக் பிரிவில், ஒரே ஒரு தடவை நீல ரிப்பன் வாங்க வேண்டும். நீலம் என்றால் முதல் பரிசு. பதினொரு வருஷமாக அந்த ரிப்பன் வழி தவறாமல் ஐரீன் கோட்ஸ் வீட்டுக்கே போய்க்கொண்டிருந்தது. ஐரீன் அவற்றைச் சட்டம் போட்டுக் கழிவறையில் மாட்டியிருந்தாள். யார் போனாலும் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கலாம்.

போன வருஷம் அந்த ரிப்பனைத் தட்டிப் பறித்திருக்கலாம். கேக் அவ்வளவு நன்றாக வந்திருந்தது. குர்ரபினிலிருந்து நல்லாங் எண்பத்தைந்து கிலோமீட்டர். அன்றைக்கு வெயில் நாற்பத்தொன்று. பாதி வழியில் எஞ்சின் சூடாகி முள் சிவப்பை எட்டியது. கிளாரி உடனே ஹீட்டரை முழுசாகத் திருகிவிட்டான். எஞ்சின் சூடானால் ஹீட்டரைப் போடு என்பது எங்கள் ஊரில் தாய்ப்பாலோடு ஊட்டும் அறிவு. எஞ்சினில் இருக்கும் சூட்டை உறிஞ்சி உன் முகத்தில் அடிக்கும். எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். நீ பிழைப்பதும் பிழைக்காததும் உன் பாடு. வெர்னா மடியில் கேக்கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். பேஷன் பழ ஐசிங் முதலில் மினுமினுத்தது, பிறகு வேர்த்தது, பிறகு எழுந்து புறப்பட்டு அவள் பாவாடையில் வந்து உட்கார்ந்தது. அந்த வருஷம் நடுவர் எழுதிவைத்த அட்டையில் “முயற்சி தெரிகிறது” என்று மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு குளிர்காலத்தில் வண்டி ஒழுங்காக ஓடியது. கோடை வந்ததும் பழைய குருடி கதவைத் திறடி. ஒரு நாள் நன்றாக ஓடும், மறுநாள் கொதிக்கும். அரைவட்டத்துக்கு நல்ல வேட்டை. அதில் முக்கியமானவர்கள் மூன்று பேர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற டூகல், அவன்தான் தலைமை வைத்தியன். ஆட்டுக்கு ரோமம் கத்தரித்த ரெஜ். டிராக்டர் விற்ற ஆஸ்ஸி. டூகலுக்கு எந்த வண்டிக்கு எந்த நோய் வந்தாலும் ஹெட் கேஸ்கட். ரெஜ்ஜுக்கு எல்லாமே வாட்டர் பம்ப். ஆஸ்ஸிக்கு ரேடியேட்டர். பம்ப்பை மாற்றினார்கள். ரேடியேட்டரை அலசினார்கள். மூடியை மாற்றினார்கள், பெல்ட்டை மாற்றினார்கள். வண்டி எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுக்கொண்டு கொதித்தது.

ஷோ சனிக்கிழமை. அதற்கு முந்தைய புதன்கிழமை வண்டி கடைத்தெருவிலிருந்து ஆவி பறக்க வந்து வாசலில் நின்றது. பானெட் திறந்தது. சபை கூடியது. வெர்னா டீத் தட்டோடு வெளியே வந்தாள், தட்டைக் கீழே வைத்தாள், யாரையும் கேட்காமல் குனிந்து ரேடியேட்டருக்கு மேலே போகும் தடித்த ரப்பர் ஹோசைத் தொட்டாள். எஞ்சினில் முட்டை பொரிக்கலாம், ஹோஸ் மட்டும் பச்சைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்து கிடந்தது.

“தெர்மோஸ்டாட்டைப் பாத்தீங்களா?” என்று கேட்டாள்.

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் வேலி மேல் இருந்த காக்கட்டூ கிளிகள் பறந்து போயின.

“தெர்மோஸ்டாட்டா!” என்றான் டூகல். “அம்மா தாயே, இந்த ஊர்ல எவன் வண்டியில அது இருக்கு? நான் எண்பத்தி நாலுலயே புடுங்கி ஆட்டுப்பட்டிக்குள்ள வீசிட்டேன்.”

“என்னோடது கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கு,” என்றான் ரெஜ்.

“என்னோடத தூண்டில்ல கட்டி மீன் புடிச்சேன்,” என்றான் ஆஸ்ஸி. “உன் வீட்டுக்காரனே கழட்டி எறிஞ்சவன்தான். தொண்ணூத்தெட்டுல சொன்னியே மாப்ள?”

“ஆமாமா,” என்றான் கிளாரி. “அப்பவே கழட்டிட்டேன்.” அவன் காது இரண்டும் தக்காளி நிறமாகிவிட்டன. அதை வெர்னா மட்டும்தான் பார்த்தாள்.

தெர்மோஸ்டாட் என்பது எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தண்ணீருக்கு வைத்த ஒரு குட்டிக் கதவு, அவ்வளவுதான். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியிருக்கும். சூடானதும் தானே திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு ஆறப் போக விடும். எங்கள் மாலி வறட்டுச் சீமை வெயிலில் கதவு எதற்கு, திறந்தே கிடக்கட்டும் என்று எங்கள் ஊர் ஆண்கள் ஒருவன் பின்னால் ஒருவனாக அதைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். கோடையில் அவர்களுக்கு ஒரு குறையுமில்லை. எங்கள் பக்கத்தில் நடுக்குளிர்காலமான ஜூலை மாதம் விடிகாலையில் புல்லெல்லாம் உறைபனி படிந்து கிடக்கும்போதுதான் தெரியும். எஞ்சின் கடைசிவரை சூடேறாது, ஹீட்டரில் ஐஸ் காற்று வரும். டூகல் மடியில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு ஓட்டுவான். ரெஜ் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓட்டுவான். கிளாரி வண்டியில் மட்டும் கதகதவென்று இருக்கும். கால்பந்து ஆட்டத்துக்குப் போகும்போது மூன்று பேரும் அடித்துப் பிடித்துக்கொண்டு அவன் வண்டியில்தான் ஏறுவார்கள். ஏன் இது மட்டும் சுடுகிறது என்று பதினாலு வருஷத்தில் ஒருத்தனும் கேட்டதில்லை.

சபை கலைந்ததும் வெர்னா புருஷனைச் சமையலறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

“என் முகத்தப் பாத்துச் சொல்லு கிளாரி. நீ அத கழட்டினியா?”

கிளாரி ஜாடியில் இருந்த பிஸ்கட்டைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், தன் செருப்பைப் பார்த்தான். “அது எங்க இருக்கும்னே எனக்குத் தெரியாது வெர்னா.”

“அப்புறம் ஏன்யா கழட்டினேன்னு சொன்ன?”

“எல்லாரும் கழட்டிட்டேன் கழட்டிட்டேன்னு சொன்னாங்க. கடைசியா என்னப் பாத்தாங்க. நான் என்ன சொல்றது? எனக்குத் தெரியாதுன்னா?” அவன் குரல் இறங்கிவிட்டது. “இத்தனை வருஷமா அவங்க கூட நிக்கிறேன். எனக்கு ஹூம் சொல்றதத் தவிர ஒண்ணும் தெரியாது.”

வெர்னாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த ஒரு பொய்யால்தானே அத்தனை பேரும் அந்தக் கதவுப் பக்கமே போகவில்லை. இந்த ஒரு பொய்யால்தானே போன வருஷம் ஐசிங் மடியில் ஓடியது. வாய் வரைக்கும் வந்ததை, அவன் பஞ்சுக் கை பிஸ்கட் ஜாடி மூடியை வீணாகத் திருகிக்கொண்டிருப்பதைப் பார்த்து விழுங்கிவிட்டாள். அவளுக்கு அவன்மேல் கொள்ளைப் பிரியம். அது வேறு தொல்லை.

“அவங்ககிட்ட சொல்லிடாத வெர்ன்.”

“நான் ஏன் சொல்லப் போறேன்? எனக்கு சனிக்கிழமை பத்து மணிக்குள்ள கேக் அங்க இருக்கணும். அவ்வளவுதான்.”

“வேணும்னா அதப் புடுங்கிட்டு அப்படியே போயிடலாமே, எல்லாரும் மாதிரி.”

“ஜூலையில நானும் வெந்நீர்ப் பைய மடியில கட்டிக்கிட்டு ஓட்டவா? புதுசு மாத்துறேன்.”

பத்து மணிக்கு ஷோ கூடாரத்தில் கயிறு கட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் கடவுளே கேக்கோடு வந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும். வேறு வழிகளையும் வெர்னா யோசித்துப் பார்த்தாள். பின்னால் தொட்டி வைத்த கிளாரியின் பழைய யூட் வண்டியில் போகலாம். அது போடும் குலுக்கலில் ஸ்பாஞ்ச் நல்லாங் சேரும்போது உப்புமாவாகிவிடும். டூகல் காரில் மூன்று ஆட்டு நாய்கள். ஐரீன் வேறு தேன் ஒழுகப் போன் பண்ணியிருந்தாள். “வெர்னா, உன் கேக்கையும் நானே எடுத்துட்டுப் போகவா? என் வண்டியில நிறைய இடம் இருக்கு.” பூனையிடம் பாலைக் காவலுக்கு விடுகிற அளவுக்கு வெர்னாவுக்கு இன்னும் புத்தி மழுங்கவில்லை.

புதுத் தெர்மோஸ்டாட்டுக்குக் கடையில் போனில் சொல்லிவைத்தாள். அது வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில்தான் வந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளைத் தட்டு, கீழே ஒரு ஸ்பிரிங். புதுசு என்று எதையும் நம்பக் கூடாது. வெர்னா ஜாம் கிண்டும் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதில் ஜாம் வெப்பமானியைத் தொங்கவிட்டு, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி இறக்கினாள். பக்கத்து மேடையில் அன்று சுட்ட ஸ்பாஞ்ச் துணி மேல் ஆறிக்கொண்டிருந்தது. கம்பி வலை மேல் வைத்து ஆற்றினால் அடியில் கோடு விழும், கோடு விழுந்தால் நடுவர் மார்க்கில் கை வைப்பார். ஆகவே துணி. கிளாரி ஸ்டூலில் உட்கார்ந்து பாத்திரத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். எழுபது, எழுபத்தைந்து, எண்பது. எண்பத்திரண்டில் அந்தச் சின்ன வட்டம் மெதுவாக மேலெழும்பியது.

“வாயத் தொறக்குது!” என்று கத்தினான் கிளாரி. “வெர்னா, வாயத் தொறக்குது பாரு!”

“அதோட வேலையே அதுதான். நீ கொஞ்சம் மூடு, கேக் அமுங்கிடும்.”

இப்போது ஒரே சிக்கல். மாட்டுவது அரை மணி நேர வேலை. ஆனால் பானெட்டைத் திறந்த மறு நிமிடம் அரைவட்டம் வந்து நின்றுவிடும், பிறகு யார் தெர்மோஸ்டாட்டைப் பற்றிப் பேசுவது, யார் ஹெட் கேஸ்கட்டைப் பற்றிப் பேசுவது, மணி பன்னிரண்டாகிவிடும். கிளாரியின் பொய்யும் சந்தி சிரித்துவிடும். வெர்னா ஸ்பாஞ்சைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். யோசனை வந்தது.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் காரைக் கொல்லையில் ஷெட்டுக்குப் பின்னால் நிறுத்தினாள். துணி காயப்போடும் சுற்றுக் கொடியில் நாலு படுக்கை விரிப்புகளைத் தொங்கவிட்டுத் திரை கட்டினாள். பிறகு கிளாரியை யூட்டோடு தெருவுக்கு அனுப்பினாள்.

“இதுல ஒரு கோளாறும் இல்லையே வெர்னா.”

“அதனாலதான். பானெட்டத் தொறந்து வச்சுட்டு நில்லு. வந்தாங்கன்னா ஹூம்னு சொல்லு. என்ன கேட்டாலும் ஹூம். எக்காரணத்தக் கொண்டும் ‘கை வச்சுப் பாரு’ன்னு மட்டும் சொல்லிடாத.”

கிளாரி போருக்குப் போகிற மாதிரி போனான்.

பானெட் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. எண்ணிப் பார்த்தால் நாலு நிமிடம். முதல் செருப்புச் சத்தம், பிறகு டூகலின் இருமல், பிறகு ரெஜ், பிறகு ஆஸ்ஸி. காலை நேரமாதலால் கையில் பீருக்குப் பதில் டீ, அதுதான் வித்தியாசம். கொஞ்ச நேர மௌனம். பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கணீரென்று முதல் “ஹூம்”. வெர்னா ஸ்பேனரை எடுத்தாள்.

ஆறின எஞ்சின். கீழ் ஹோசைத் தளர்த்தி, ரேடியேட்டரில் இருந்த பச்சைக் கூலன்ட் திரவத்தை வாளியில் பிடித்தாள். அது இனிக்கும், நாய் குடித்தால் செத்துப்போகும், ஆகவே வாளிக்கு மேல் பலகையை வைத்து அதன் மேல் ஒரு செங்கல்லையும் வைத்தாள். வீட்டு நாய் செங்கல்லை மோந்து பார்த்துவிட்டு வருத்தத்தோடு படுத்துக்கொண்டது. மேல் ஹோஸ் எஞ்சினைச் சேரும் இடத்தில் ஒரு இரும்பு மூடி, அதில் இரண்டு போல்ட். முதல் போல்ட் சொன்ன பேச்சைக் கேட்டது. இரண்டாவது அசைவேனா என்றது. பலத்தைக் காட்டினால் தலை முறிந்து உள்ளேயே தங்கிவிடும், அதோடு ரிப்பனும் போச்சு. எண்ணெய் விட்டாள், ஸ்பேனரால் மெல்லத் தட்டினாள், காத்திருந்தாள். பஸ் ஓட்டிய காலத்தில் கடைசி பெஞ்சுப் பையன்களிடம் பேசிய குரலில், “நான் கோவப்பட்டா நல்லா இருக்காது, சொல்லிட்டேன்,” என்றாள். போல்ட் கொஞ்சம் முனகிவிட்டுத் திரும்பியது.

உள்ளே பழைய தெர்மோஸ்டாட். துரு ஏறி இறுக மூடிக் கிடந்தது. பதினாலு வருஷப் பொய் கையில் அடங்குகிற அளவுதான் இருந்தது.

அப்போது திரைக்கு அந்தப் பக்கம் ஷூக்கள் வந்து நின்றன. ரெஜ்ஜின் ஷூ.

“வெர்னா, உங்க பெரிய சுத்தியல் எங்க இருக்கு?”

கோளாறே இல்லாத வண்டிக்குச் சுத்தியல் எதற்கு? “கிளாரி கை வச்சுப் பாக்கச் சொன்னானா?”

“டூகல் மூணு தடவை கேட்டான். மூணாவது தடவை சொல்லிட்டான், பாவம். இப்ப ஸ்டார்ட்டர வெளிய எடுத்துட்டோம். அங்கதான் கோளாறு இருக்கணும், வேற எங்கயும் இல்ல.”

“சுத்தியல் ஷெட்டுல வலது பக்கம்,” என்றாள் வெர்னா. போர் என்றால் இழப்பு இருக்கத்தான் செய்யும்.

மூடியில் ஒட்டியிருந்த பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுத்தாள். புதுத் தெர்மோஸ்டாட்டை ஸ்பிரிங் எஞ்சின் பக்கம் இருக்கும்படி, காற்று போகும் சின்னத் துளை மேலே வரும்படி உட்கார வைத்தாள். தலைகீழாக வைத்தால் பழைய கதைதான் திரும்ப நடக்கும். போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, ஹோஸ்களைப் பூட்டி, கூலன்ட்டை ஊற்றி, ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்து எஞ்சினை ஓடவிட்டாள். உள்ளே மாட்டிய காற்றெல்லாம் குமிழியாக வெளியே வர வேண்டும். அதற்கு ஹீட்டரைத் திறந்து வைக்க வேண்டும். இந்த ஒரு தடவைதான் அந்தச் சனியனைப் போடுவதில் நியாயம் இருந்தது.

சுத்தியலைத் தேடி எடுத்த ரெஜ்ஜின் ஷூ மறுபடி திரைப் பக்கம் வந்து நின்றது.

“என்ன சத்தம் அது வெர்னா?”

“வாஷிங் மெஷின்.”

“ஓ,” என்றான் ரெஜ், சுத்தியலைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டான். ரெஜ்ஜுக்குக் கல்யாணமாகி நாற்பத்தெட்டு வருஷம். வாஷிங் மெஷின் எப்படிச் சத்தம் போடும் என்று அவனுக்குத் தெரியாது.

வெர்னா மேல் ஹோசைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து நிமிடம் குளிர்ச்சி. பத்து நிமிடம் குளிர்ச்சி. தெருவில் டங் டங் என்று அடி விழுந்தது. முள் பாதிக்கு வந்தது, இன்னும் கொஞ்சம் ஏறியது. அவள் மனசுக்குள் ஐரீனின் கழிவறைச் சுவர் வந்து போனது. அப்போது விரலுக்கடியில் ஒரு இளஞ்சூடு. பிறகு சூடு. பிறகு கை வைக்க முடியாத சூடு. முள் ஒரு கோடு இறங்கி நின்றது. வெர்னா கையை எடுக்கவே இல்லை. நல்லா சுடு ராசாத்தி என்று ஹோசைத் தட்டிக்கொடுத்தாள்.

மணி எட்டு இருபது. ஓடிப்போய்ச் சர்க்கரையும் பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். கை பளிச்சென்று ஆனது. வலது கட்டைவிரலில் பிறை மாதிரி ஒரு பழைய வடு உண்டு. பத்தொன்பது வயதில் பீச் பழ டப்பா வெட்டியது. அந்தப் பள்ளத்துக்குள்ளும் ரேகைக்குள்ளும் ஒளிந்திருந்த கிரீசை அவள் கவனிக்கவில்லை. விடிகாலையில் ஐசிங் போட்டு வைத்திருந்த ஸ்பாஞ்சைத் தூக்கித் தட்டில் வைத்தாள். எட்டு நாற்பதுக்குப் பின்சந்து வழியாக வண்டியை எடுத்துத் தெருவுக்கு வந்தாள். யூட்டின் பாதி உறுப்புகள் தெருவில் சாக்கு மேல் கிடந்தன. நாலு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“உன் கார் ஓடுது!” என்றான் டூகல், அது தனக்குத் துரோகம் செய்துவிட்டதைப் போல.

“ஓடுது பாரேன்!” என்று சொல்லிவிட்டு வெர்னா போய்க்கொண்டே இருந்தாள். கிளாரி கிரீஸ் துணியைத் தூக்கி ஆட்டினான்.

எண்பத்தைந்து கிலோமீட்டரும் முள் நடுவிலேயே நின்றது. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டுக்கொண்டு, தெரிந்த பாட்டையெல்லாம் பாடினாள். ஐசிங் உட்கார்ந்த இடத்தைவிட்டு இம்மியும் நகரவில்லை. ஒன்பது ஐம்பத்திரண்டுக்குக் கேக் மேஜையில் இருந்தது. பக்கத்தில் நின்ற ஐரீன் அதைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தாள்.

“அட, இந்த வருஷம் ஐசிங் கேக் மேலயே இருக்கே வெர்னா!”

“எறங்கவே மாட்டேன்னுடுச்சு ஐரீன். உன்னோடது கொஞ்சம் உள்வாங்கியிருக்கோ?”

மத்தியானம் கயிற்றை அவிழ்த்ததும் வெர்னா ஓடாத குறையாகப் போனாள். நீலம் ஐரீனுக்கு. வெர்னாவின் கேக் மேல் சிவப்பு, இரண்டாம் பரிசு. அட்டையில் நடுவர் மணிமணியாக எழுதியிருந்தார். “உயரம், மென்மை, சுவை எல்லாம் இன்று இருந்தவற்றில் முதலிடம். அடிப்பாகத்தில் ஒரு கட்டைவிரல் அடையாளம். கிரீஸ் என்று நினைக்கிறேன். அடுத்த முறை கையுறை அணியவும்.” வெர்னா கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள். பிறைக்குள் கிரீஸ் கறுப்பாகச் சிரித்துக்கொண்டிருந்தது. கூடாரத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். அறுபத்திமூன்று வயதில் ஒரு கேக்குக்காக அழுகிறோமே என்று வெட்கமாக இருந்தது, அதற்கும் சேர்த்து அழுதாள்.

கேக்குகளைத் திருப்பித் தருவது நாலு மணிக்கு. அதற்குள் கிளாரி டூகலின் காரில், நாய்களோடும் மற்ற மூன்று பேரோடும் வந்து சேர்ந்துவிட்டான். சட்டையெல்லாம் நாய் ரோமம். கூடாரத்தில் வெர்னா கேக்கை வாங்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் பெரிய விவாதம்.

“நான் புதன்கிழமை மூடிய இறுக்கினேன்ல, அதான் சரியாயிடுச்சு,” என்றான் ஆஸ்ஸி.

“மூடியாவது மண்ணாங்கட்டியாவது. என் பம்ப்பு செட்டாக ரெண்டு நாள் புடிக்கும்னு அன்னைக்கே சொன்னேன்,” என்றான் ரெஜ்.

“ஹெட் கேஸ்கட் சில சமயம் தானா ஆறிடும்,” என்றான் டூகல். “நான் பாத்திருக்கேன்.”

கிளாரி அட்டையைப் படித்தான். இன்னொரு தடவை படித்தான். வெர்னாவின் முகத்தைப் பார்த்தான், கண் சிவந்திருந்ததைப் பார்த்தான். அவன் காது மெல்லச் சிவக்க ஆரம்பித்தது. வெர்னாவுக்குப் புரிந்துவிட்டது. “வேணாம் கிளாரி, விடு,” என்று மெதுவாகச் சொன்னாள்.

அவன் விடவில்லை. தட்டிலிருந்து கேக்கைத் தூக்கினான். அந்தப் பஞ்சுக் கையால் மூன்று பேர் மூக்குக்கும் நேராகத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தான். பொன்னிறத்தில் கறுப்பாக ஒரு கட்டைவிரல், நடுவே பிறை.

“வண்டிய சரி பண்ணினது யாருன்னு தெரியணுமா? இதோ இருக்கு. இது என் பொண்டாட்டி விரல்.”

மூன்று பேரும் குனிந்து அந்த அடையாளத்தைப் பார்த்தார்கள்.

“தெர்மோஸ்டாட்தான் கெட்டுப் போயிருந்துச்சு. அவ புதன்கிழமையே சொன்னா, நாம சிரிச்சோம். காலைல நீங்க என் யூட்டக் கொன்னுட்டிருந்தப்போ அவ கொல்லையில அத மாத்திட்டா.”

“ஆனா நீதான் தொண்ணூத்தெட்டுல கழட்டிட்டியே?” என்றான் டூகல்.

“பொய்.”

“பதினாலு வருஷமாவா?”

“பதினாலு வருஷமாதான். எனக்கு அது எங்க இருக்கும்னே தெரியாது. எனக்கு எஞ்சின்ல ஒரு மண்ணும் தெரியாது டூகல். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஹூம்தான்.”

ரெஜ்ஜின் வாய் மெதுவாக, எண்பத்திரண்டு டிகிரியில் திறப்பதைப் போலத் திறந்தது. “அதான் ஜூலையில உன் வண்டி மட்டும் சூடா இருந்துச்சா!”

முதல் பரிசு போன வருத்தம் வெர்னாவுக்குப் போய்விட்டது என்று சொன்னால் பொய். அது அப்படியேதான் இருந்தது, இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் கேக்கைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, காது பழுத்து, நாய் ரோமத்தோடு நின்ற அந்த மனுஷனைப் பார்த்தபோது அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கேக்கை அவன் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்து, கத்தியை எடுத்தாள். கட்டைவிரல் பதிந்திருந்த துண்டைப் பார்த்து வெட்டி டூகல் கையில் கொடுத்தாள்.

டூகல் அதைத் திருப்பிப் பார்த்தான். அடி, கிரீஸ் எதையும் ஒதுக்காமல் முழுசாகத் தின்று முடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, மற்ற இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலை இறக்கினான்.

“வெர்னா... அந்த யூட்ட திரும்ப மாட்டினோம். அஞ்சு போல்ட்டு மிச்சம் இருக்கு. எங்க போகும்னு தெரியல.”

வெர்னா கையைக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “ஹூம்,” என்றாள்.